சென்னையின் எஃப்சி: அணிப் பட்டியலும் ஆட்ட நாள் வழக்கங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு சீசன் முடிந்து அடுத்த சீசன் தொடங்கும் வரையிலான மாதங்களில், எந்த வீரர் வருகிறார், எவர் போகிறார் என்ற சிறு செய்திகள் விளையாட்டுப் பக்கத்தில் வந்துகொண்டே இருக்கின்றன. சென்னையின் எஃப்சி கால்பந்து அணியைப் பற்றிய அத்தகைய செய்திகளை ஒன்று விடாமல் படிக்கும் ரசிகர்களில் நானும் ஒருவன். அணியில் யார் ஆட வேண்டும் என்பது பயிற்சியாளரின் கவலை, கேலரியில் என்ன பாட வேண்டும் என்பது ரசிகரின் கவலை என்று இவ்விரண்டையும் தனித்தனியாகப் பேசுவதே இங்கு வழக்கமாகிவிட்டது. என் பார்வையில் இரண்டும் ஒரே கேள்விதான். பட்டியல் ஆண்டுதோறும் முழுக்க மாறிக்கொண்டிருந்தால், இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லாமலே போனால், கேலரியில் பாடுவதற்குப் பெயர்கள் இருக்காது. பெயர்கள் இல்லாத கேலரியில் எந்த வழக்கமும் வேர் பிடிக்காது. இதை விரிவாக எழுத அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது, சென்னைக்கு ஒரு கால்பந்து அணி தேவையா என்று கேட்டவர்கள் பலர். அந்தச் சந்தேகத்தைத் தீர்த்து வைத்தது 2015-ஆம் ஆண்டு. தொடரின் நடுவில் புள்ளிப்பட்டியலின் அடியில் கிடந்த அணி, கடைசிக் கட்ட லீக் ஆட்டங்களை அடுத்தடுத்து வென்று அரையிறுதிக்கு வந்தது. அந்த நேரத்தில்தான் டிசம்பர் பெருமழை நகரத்தை மூழ்கடித்தது. சொந்த ஊரில் நடந்திருக்க வேண்டிய அரையிறுதியின் முதல் ஆட்டம் புனேவுக்கு மாற்றப்பட்டது. நம் மக்கள் வீட்டுக்குள் புகுந்த சேற்றை வாரிக்கொண்டிருந்த நாட்களில், நம் அணி வேற்றூர் மைதானத்தில் கொல்கத்தாவை 3-0 என்று வென்றது. டிசம்பர் 20 அன்று ஃபட்டோர்டாவில் நடந்த இறுதியாட்டத்தில் 87-ஆம் நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னிலை பெற்றதும் எல்லாம் முடிந்தது என்றே தோன்றியது. அடுத்த சில நிமிடங்களுக்குள் கோவாவின் கோல்கீப்பர் வழியாகவே ஒரு கோலும், ஆட்டத்தின் இறுதியில் சேர்க்கப்பட்ட நிமிடங்களில் ஸ்டீவன் மெண்டோசாவின் கோலும் விழுந்து, கோப்பை சென்னைக்கு வந்தது. பயிற்சியாளர் மார்க்கோ மடெராட்ஸியின் அந்த அணியின் பெயர்களை இன்றும் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கக்கூடிய ரசிகர்கள் பெரியமேட்டு நேரு மைதானத்தில் இருக்கிறார்கள்.

இரண்டாவது கோப்பையைப் பற்றிச் சொல்ல வேண்டியது இதைவிட முக்கியமானது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தில், ஒன்பதாவது நிமிடத்திலேயே எதிரணியான பெங்களூருவின் சுனில் சேத்ரி கோல் அடித்துவிட்டார். அதற்குப் பிறகு கிரெகரி நெல்சன் அடித்த இரண்டு கார்னர்களை மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி இரண்டு கோல்களாக்கினார். இடைவேளைக்குப் பின் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது கோலை அடித்தார். 3-2 என்று வென்றோம். ஒரே இறுதியாட்டத்தில் ஒருவர் அடித்த கார்னரை ஒரே வீரர் இருமுறை கோலாக்குவது தற்செயலாக நடப்பதன்று. எங்கே பந்து விழும், யார் எந்தத் திசையில் ஓடுவார் என்பது சீசன் முழுதும் ஆடி ஆடிப் பழகிய கால்களுக்குத்தான் தெரியும். மெயில்சனும் அகஸ்டோவும் ஜேஜே லால்பெக்லுவாவும் 2015 கோப்பையை வென்ற அணியிலும் இருந்தவர்கள் என்பதை இங்கே நினைவுபடுத்த விரும்புகிறேன். பயிற்சியாளராக ஜான் கிரெகரி புதிதாக வந்திருந்தாலும், அணியின் முதுகெலும்பு பழையதாகவே இருந்தது. அந்தத் தொடர்ச்சிதான் கோப்பையைத் தந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

அதன் பிறகு நடந்தவை உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்தவையே. நடப்புச் சாம்பியனாக இறங்கிய 2018-19 சீசனில் கடைசி இடம். 2019-20-இன் தொடக்கத்திலும் அதே தள்ளாட்டம். நடுவில் வந்த பயிற்சியாளர் ஓவன் கோய்ல் அணியைத் தூக்கி நிறுத்தி இறுதியாட்டம் வரை கொண்டுசென்றார். நெரியஸ் வால்ஸ்கிஸ் 15 கோல்கள் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியைப் பெற்றார். தொற்று அச்சத்தால் ஆளில்லாத மைதானத்தில் நடந்த அந்த இறுதியில் கொல்கத்தாவின் ஏடிகே அணியிடம் 1-3 என்று தோற்றோம். தோல்வி பெரிதில்லை. அந்த அணியைத் தக்கவைத்திருந்தால் அடுத்த ஆண்டு வென்றிருக்கலாம் என்று நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், வால்ஸ்கிஸும் அங்கேயே போனார்; 2021-22-இல் அதே கோய்லின் ஜாம்ஷெட்பூர், லீக் சுற்றில் முதலிடம் பெறும் அணிக்கான கேடயத்தை வென்றது. நமக்கோ சாபா லாஸ்லோ, பொஜிதார் பாந்தோவிச், தோமஸ் பர்தாரிச் என்று ஆண்டுக்கொரு பயிற்சியாளர் வந்தார். மூன்று சீசன்களிலும் எட்டாவது இடம். மீண்டும் கோய்ல் திரும்பி வந்த 2023-24-இல் ஆறாவது இடம் பிடித்து பிளே-ஆஃப் ஆடினோம். அடுத்த ஆண்டே 11-ஆவது இடத்துக்கு இறங்கினோம்.

ஒவ்வொரு பயிற்சியாளரும் தனக்குத் தெரிந்த வெளிநாட்டு வீரர்களை அழைத்து வருகிறார். அவர் போகும்போது அவர்களும் போய்விடுகிறார்கள். இதில் எந்தப் பயிற்சியாளரையும் நான் குறை சொல்லவில்லை. குறை, அணிப் பட்டியலின் கட்டுப்பாடு பயிற்சியாளரோடு வந்து பயிற்சியாளரோடு போய்விடுகிறது என்பதில்தான் இருக்கிறது. வெளிநாட்டு வீரர்களில் இருவரையேனும் பயிற்சியாளர் மாறினாலும் மாறாதவர்களாகக் கிளப் தன் பொறுப்பில் வைத்திருக்க வேண்டும். அந்த இருவர் யார் என்று கேட்டால், நடுத் தடுப்பாட்டக்காரர் ஒருவரும் நடுக்களத்தில் ஆட்டத்தை நடத்துபவர் ஒருவரும் என்பேன். முன்கள வீரருக்கு ஒரு சீசன் சரியாக அமையாமல் போகலாம். அவரை மாற்றுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பின்களத்தில் நின்று கோல்கீப்பரோடும் இருபுறத்து இளைஞர்களோடும் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பவர் ஆண்டுதோறும் மாறினால், அந்தப் பேச்சு ஒவ்வோர் ஆண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. முன்னிலை பெற்ற ஆட்டங்களைக் கடைசிக் கால்மணி நேரத்தில் கைவிட்டபோதெல்லாம் எனக்குத் தோன்றியது இதுதான்: ஓட்டத்தில் குறையில்லை, ஒருவரையொருவர் அறிந்திருப்பதில் குறை.

இந்திய வீரர்களிலும் இதே கதைதான், சொல்லப்போனால் இழப்பு இங்கே இன்னும் பெரிது. மிசோரத்திலிருந்து வந்த ஜெர்ரி லால்ரின்சுவாலா 2016-இல் லீக்கின் சிறந்த வளரும் வீரராகத் தேர்வானார். டேராடூனிலிருந்து பதின்வயதில் வந்த அனிருத் தாப்பா இங்கேயே வளர்ந்து அணித்தலைவராகி, 2023-இல் மோகன் பகானுக்குச் சென்றார். நம்மிடம் ஆடிய லாலியன்சுவாலா சாங்தே மும்பைக்குப் போன பிறகு 2022-23-இல் நாட்டின் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். மூவரையும் சென்னை தன் பிள்ளைகளாகவே கொண்டாடியது. தாப்பாவின் பெயர் போட்ட நீலச் சட்டையைப் பள்ளிச் சிறுவர்கள் அணிந்து வந்ததை நான் கேலரியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆகவே, தமிழகத்தில் பிறந்தவர் மட்டுமே நம்மவர் என்று வாதாட இந்தக் கடிதத்தை எழுதவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஐஸ்வாலிலிருந்து வந்த ஒரு பையன் ஆறு ஆண்டுகள் நம் அணிக்காக ஓடினால் அவன் நம்மவன்தான். அந்த ஆறு ஆண்டுகள் வாய்க்க வேண்டும் என்பதே கேள்வி.

ஆயினும் உள்ளூர் வீரர்களைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். 2018 மார்ச் 13 அன்று நேரு மைதானத்தில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம் நடந்தது. முதல் ஆட்டம் 1-1 என்று சமனில் முடிந்திருந்ததால் ஒரு கோல்கூட எதையும் மாற்றிவிடும் என்ற பதற்றம் கேலரி முழுதும் இருந்தது. ஜேஜே முதல் கோலை அடித்தார். அந்த ஆரவாரம் அடங்குவதற்குள் இரண்டாவது கோல் விழுந்தது. அடித்தவர் வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷ். அந்தக் கணத்தில் கேலரியில் எழுந்த ஒலி வேறு மாதிரியானது. எனக்கு முன்வரிசையில் இருந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவர் தம் இருபுறமும் இருந்த முன்பின் தெரியாதவர்களின் தோளைப் பிடித்து உலுக்கி, ‘எங்க ஏரியா பையன், எங்க ஏரியா பையன்’ என்று தொண்டை கட்டும் வரை கத்திக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இருந்த இளைஞர்கள் அதையே ஒரு கோஷமாக எடுத்துக்கொண்டார்கள். ஆட்டம் 3-0 என்று முடியும் வரை அது அங்கங்கே எழுந்துகொண்டே இருந்தது. யாரும் எழுதித் தராத பாட்டு அது. எந்த விளம்பரத் துறையும் அப்படி ஒன்றை உண்டாக்க முடியாது. பட்டியலில் அந்தப் பையனுக்கு இடம் கொடுத்ததால் மட்டுமே அது பிறந்தது.

வியாசர்பாடியில் கால்பந்து எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதைச் சென்னை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்குள்ள மைதானத்தில் விடியற்காலையில் காலணி இல்லாத பிள்ளைகளும் ஆடுகிறார்கள். அவர்களைவிட மூத்தவர்களே அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். வடசென்னையைப் போலவே கன்னியாகுமரிக் கடற்கரைக் கிராமங்களிலும் பங்குத் திருவிழாவை ஒட்டிக் கால்பந்துப் போட்டி நடத்துவது தலைமுறை வழக்கம். அந்தக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், 2020 இறுதியாட்டத்தில் நமக்கு எதிரே ஏடிகே சட்டையில் ஆடினார். சென்னைக்காரரான நந்தகுமார் சேகர் டெல்லி, ஒடிசா என்று ஆடி ஈஸ்ட் பெங்காலுக்குச் சென்று, 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக வெற்றிக் கோலை அடித்துக் கொல்கத்தாவின் பாதி நகரத்தைத் தெருவில் இறக்கினார். 2024 சூப்பர் கோப்பை இறுதியாட்டத்திலும் அவர் கோல் அடித்தார். நம் ஊர்ப் பிள்ளையின் பெயரை இன்னோர் ஊரின் கேலரி பாடுவதைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது ஏற்படும் பெருமையோடு ஓர் ஏக்கமும் சேர்ந்தே வருகிறது.

தமிழக வீரர்களிடம் தரம் இல்லை என்ற வாதத்துக்குக் கோயம்புத்தூரில் பதில் கிடைத்துவிட்டது. அந்நகரின் நேரு மைதானத்தைத் தன் இல்லமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்சி, தமிழக இளைஞர்கள் பலரையும் சில ஸ்பெயின் நாட்டு வீரர்களையும் சேர்த்து ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கின் 2018-19 பட்டத்தை வென்றது. அந்த அணியின் எட்வின் சிட்னி வான்ஸ்பால் அதற்குப் பிறகு நம் அணிக்கு வந்து, இறுதியாட்டம் வரை சென்ற 2019-20 அணியில் இடம்பெற்றார். மகளிர் ஆட்டத்தில் 2017-18-இலும் 2022-23-இலும் தமிழகம் தேசியச் சாம்பியன் ஆனது. இன்னும் பின்னோக்கிப் போனால், 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு அணிக்கு எதிராக இந்தியாவுக்குக் கோல் அடித்தவர் தஞ்சாவூரின் சைமன் சுந்தரராஜ். 1973-இல் கேரளம் முதன்முதலாக, மாநில அணிகளுக்கான சந்தோஷ் கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளராக இருந்தவரும் அவரே. அண்டை மாநிலத்துக்கு முதல் கோப்பையை வாங்கிக் கொடுத்த ஊர் நம் ஊர்.

முன்பெல்லாம் ஓர் இளைஞனுக்குக் கண்ணுக்குத் தெரிந்த வழி ஒன்று இருந்தது. சென்னை லீக்கில் நன்றாக ஆடினால் இந்தியன் வங்கியோ இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையோ வேலை கொடுத்து அணியில் சேர்த்துக்கொள்ளும். மாதச் சம்பளம் வீட்டுக்கு வரும். மாலையில் பயிற்சி நடக்கும். இந்தியன் வங்கி அணி தேசிய லீக் வரை சென்று ஆடியது. அந்த அணியின் சையத் சபீர் பாஷாதான் பின்னாளில் சென்னையின் எஃப்சியில் இளையோரை வளர்க்கும் பொறுப்பையும் துணைப் பயிற்சியாளர் பொறுப்பையும் ஏற்று, 2022-இல் நெருக்கடியான நேரத்தில் தலைமைப் பயிற்சியையும் தற்காலிகமாகத் தாங்கினார். வேலைவாய்ப்பு வழி சுருங்கிவிட்ட இன்றைய நிலையில், அந்த வெற்றிடத்தை நிரப்பும் ஆற்றல் உள்ள ஒரே அமைப்பு லீக்கில் ஆடும் கிளப்தான். இளையோர் அணியும் 2022 முதல் நடக்கும் மேம்பாட்டு லீக்கும் இருக்கின்றன என்பதை அறிவேன். ஆனால் அங்கே ஆடும் பையனுக்கு முதல் அணியின் கதவு எப்போது திறக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். பட்டியலில் பெயர் இருப்பதும் தொடக்கப் பதினொருவரில் இடம் பெறுவதும் ஒன்றாகாது. சீசனின் கடைசி ஆட்டத்தில், முடிவு ஏற்கெனவே தெரிந்துவிட்ட பிறகு, 85-ஆம் நிமிடத்தில் ஒரு பையனை இறக்குவதை வாய்ப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

பிறந்த ஊர் பார்த்து அணி எடுத்தால் வெற்றி எப்படி வரும் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். 2014-இல் ஆடுகளத்தில் இந்தியர் ஐவர் இருந்தால் போதும் என்ற விதி, 2017-18-இல் ஆறு, 2021-22 முதல் ஏழு என்று மாறிவிட்டது. தேர்ந்த இந்திய வீரர்களின் தேவை கூடக்கூட அவர்களுக்கான போட்டியும் விலையும் கூடுகின்றன. பணபலம் மிக்க கிளப்புகளோடு ஏலம் கேட்டு ஜெயிக்கக்கூடிய நிலையில் நாம் இல்லை என்பதை தாப்பாவும் சாங்தேயும் போனபோதே கண்டோம். எனவே உள்ளூர் வீரர்களை வளர்ப்பது கணக்குப் பார்த்தாலும் சரியான வழியே. கடைசியில் தரம்தான் தீர்மானிக்க வேண்டும். அந்தத் தரத்தை நிரூபிக்கத் தொடர்ச்சியாகப் பத்து ஆட்டங்களாவது கொடுத்த பிறகு தீர்மானிக்கட்டும். 2025-இல் கோவாவைச் சேர்ந்த முன்னாள் இந்திய நடுக்கள வீரர் கிளிஃபோர்ட் மிராண்டா பொறுப்பேற்றபோது, முழுநேரத் தலைமைப் பயிற்சியாளராக இந்தியர் ஒருவர் வந்தது நம் கிளப்பில் அதுவே முதல் முறை. இந்திய வீரர்களின் மேல் நம்பிக்கை வைக்கும் பாதை அப்போதே திறந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இனி கேலரிக்கு வருகிறேன். நேரு மைதானம் கால்பந்துக்கென்று மட்டும் கட்டப்பட்டதன்று. 1993-இல் திறக்கப்பட்ட அந்த அரங்கில் ஆடுகளத்தைச் சுற்றி ஓடுபாதை இருக்கிறது. ரசிகரின் குரல் அந்த அகலத்தைத் தாண்டித்தான் வீரரின் காதில் விழ வேண்டும். ஏறத்தாழ 40,000 பேர் அமரக்கூடிய இடத்தில் சில ஆயிரம் பேர் மட்டும் வரும் நாட்களில் அந்த இடைவெளி இன்னும் பெரிதாகத் தெரியும். இந்தக் குறையை மீறி ஓர் ஒலியை உண்டாக்கியவர்கள் சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் என்ற இரண்டு ரசிகர் குழுக்கள். ஆட்டம் தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே மேளங்களோடு வந்து, பெரிய பதாகைகளைக் கைமாற்றிக் கைமாற்றி மேல்வரிசைக்கு ஏற்றி, ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் கானாப் பாட்டின் தாளத்தில் வாங்கிப் பாடுவார்கள். தோற்றுக்கொண்டிருக்கும்போதும் தாளம் நிற்காது என்பது அவர்கள் தாங்களே விதித்துக்கொண்ட ஒழுக்கம். ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் அந்தப் பக்கம் நடந்து வந்து கை தட்டி நன்றி சொல்வதும், தோற்ற நாளில் அந்த நடை நீண்டதாகத் தோன்றுவதும், அப்போதும் கேலரி முகம் திருப்பாமல் பாடி வழியனுப்புவதும் நம் அணியின் உண்மையான செல்வங்கள். கிளப்பின் சின்னத்தில் இருக்கும் திருஷ்டி முகத்தை வரைந்த துணியை இரும்புக் கம்பியில் முதலில் கட்டிவிட்டுத்தான் சிலர் இருக்கையில் அமர்வார்கள். இவற்றில் எதுவும் கிளப் சொல்லி வந்ததில்லை.

இந்த வழக்கங்கள் எளிதில் அறுந்துவிடக்கூடியவை. 2019-இல் நம் அணி முதன்முறையாக ஆசியக் கிளப்புகளுக்கான போட்டியான ஏ.எஃப்.சி. கோப்பையில் ஆடியபோது, நம் சொந்த மைதான ஆட்டங்கள் அகமதாபாத்தில் நடந்தன. அதன் பிறகு தொற்றுக் காலத்தில் இரண்டு சீசன்கள் முழுக்கக் கோவாவில் ஆளில்லாத மைதானங்களில் நடந்தன. 2022 அக்டோபரில் கேலரி மீண்டும் திறந்தபோது, பாட்டுகளை அறிந்த பலர் வேலைக்காகவும் குடும்பத்துக்காகவும் ஊர் மாறியிருந்தார்கள். புதிதாக வந்த கல்லூரி மாணவர்களுக்கு அடிகள் தெரியவில்லை. தெரிந்த சிலர் பொறுமையாக முதலிலிருந்து கற்றுக் கொடுத்தார்கள். அப்போது எழுந்த சிக்கல் வேறொன்று: பாட்டில் இருந்த பெயர்கள் அணியில் இல்லை. மெயில்சனுக்கும் அகஸ்டோவுக்கும் ஜேஜேவுக்கும் கட்டிய பாட்டுகளைப் புதியவர்கள் வரலாறாகக் கற்றார்கள்; களத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்களுக்குப் பாட்டு கட்டி முடிப்பதற்குள் அவர்களில் பாதிப் பேரின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. 2025 ஜூலையில், ஒளிபரப்பு மற்றும் வணிக உரிமை ஒப்பந்தம் முடிவுக்கு வரவிருந்த நிலையில் லீக்கே நிறுத்திவைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டபோது, அந்த அறுந்த நூல் மறுபடியும் கையில் வந்து நின்றது.

கிளப் நிர்வாகம் செலவில்லாமல் செய்யக்கூடிய சிலவற்றை உங்கள் இதழ் வாயிலாக முன்வைக்கிறேன். தொடக்கப் பதினொருவரை ஒலிபெருக்கியில் அறிவிக்கும்போது தமிழில் அறிவித்து, முதற்பெயரை அறிவிப்பாளரும் இரண்டாம் பெயரைக் கேலரியும் சொல்லும்படி ஒரு மூச்சு இடைவெளி விட வேண்டும். ஆட்டத்துக்கு முந்தைய கடைசி இருபது நிமிடங்கள் ஒலிபெருக்கிப் பாட்டை நிறுத்திவிட வேண்டும். இது ஒரு கிளப்பின் குறையன்று, நம் நாட்டு விளையாட்டு அரங்குகள் பலவற்றிலும் பதிவுசெய்த திரைப்பாடல் மக்களின் பாட்டை மூழ்கடித்துக்கொண்டுதான் இருக்கிறது. வீரர்களின் கையைப் பிடித்துக்கொண்டு களத்துக்குள் நடந்து வரும் சிறுவர்கள், வியாசர்பாடி, கண்ணகி நகர் போன்ற பகுதிகளின் கால்பந்துக் குழுக்களிலிருந்து வரட்டும். காலியாகக் கிடக்கும் மேல் கேலரியின் ஒரு பகுதியைச் சென்னை லீக் அணிகளின் இளையோருக்கும் அரசுப் பள்ளி அணிகளுக்கும் சீசன் முழுவதற்கும் ஒதுக்கலாம். இரவு ஏழரை மணிக்குத் தொடங்கும் ஆட்டம் முடிந்து குடும்பத்தோடு பேருந்தும் புறநகர் ரயிலும் பிடிப்பதிலுள்ள சிரமத்தைக் கருதி, விடுமுறை நாட்களிலாவது மாலை ஐந்து மணி ஆட்டங்களைக் கேட்டுப் பெறக் கிளப் முயல வேண்டும்.

ரசிகர்களாகிய எங்களுக்கும் ஒரு கடமை உண்டு. கேரளத்தோடும் பெங்களூருவோடும் ஆடும் நாட்களில் உணர்ச்சி மிகுவது இயல்பு. அந்த ஆட்டங்களுக்குத்தான் கேலரி நிரம்புகிறது. ஆனால் எதிரணி வீரரின் தாயையும் சகோதரியையும் இழுக்கும் சொற்கள் சில மூலைகளிலிருந்து வருகின்றன. பெண் குழந்தையோடு வந்த ஒரு தந்தை அந்தக் கோஷத்தைக் கேட்டு எழுந்து வேறு வரிசைக்குப் போவதைக் கண்டிருக்கிறேன். நல்ல பாட்டு கட்டத் தெரிந்த ஊருக்கு இந்தச் சொற்கள் தேவையே இல்லை. ரசிகர் குழுக்களின் மூத்தவர்கள் இதைக் கண்டித்து வருகிறார்கள்; அவர்களோடு மற்றவர்களும் நிற்க வேண்டும்.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். ஐரோப்பியக் கிளப்புகளின் ஆட்ட முடிவுகள் மறுநாளே விரிவாக வெளியாகின்றன, மகிழ்ச்சி. அதே பக்கத்தில் சென்னை லீக்கின் முதல் பிரிவு ஆட்ட முடிவுகளுக்கும், கோல் அடித்தவர்களின் பெயர்களுக்கும், சந்தோஷ் கோப்பைக்குத் தேர்வாகும் தமிழக அணிப் பட்டியலுக்கும் வாரம் ஒருமுறையாவது நான்கு அங்குல இடம் ஒதுக்குங்கள். சென்னையின் எஃப்சி புதிய சீசனுக்கான பட்டியலை அறிவிக்கும்போது, எத்தனை பேர் தக்கவைக்கப்பட்டார்கள், இளையோர் அணியிலிருந்து எவர் உயர்த்தப்பட்டார், சென்ற சீசனில் அவர்கள் எத்தனை நிமிடங்கள் ஆடினார்கள் என்று உங்கள் நிருபர் கேட்டு எழுதட்டும். நாங்கள் கேலரியிலிருந்து கேட்பதைவிட, அச்சில் கேட்கப்படும் கேள்விக்குப் பதில் சொல்லும் கட்டாயம் நிர்வாகத்துக்கு அதிகம்.

இப்படிக்கு,
சென்னையின் எஃப்சி ரசிகர் ஒருவர்,
சென்னை.